பழைய டிரெயில் வண்டிக்கு முன் ஃபோர்க் பாகம் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் கொட்டகைகளில் கிடந்த பழைய ஜப்பானிய டிரெயில் வண்டிகள், அதாவது மண்பாதையிலும் ஓடும் மோட்டார் சைக்கிள்கள், ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. சுசுகி டி.எஸ். 185, யமஹா டி.டி. 175, ஹோண்டா எக்ஸ்.எல். 185, கொஞ்சம் வசதியான வீடுகளில் யமஹா எக்ஸ்.டி. 500 என்று தாத்தாக்களும் மாமாக்களும் கரும்புத் தோட்டத்து மண்பாதைகளில் ஓட்டியவை இவை. எஞ்சினுக்குப் பிஸ்டனும் ரிங்கும் இன்றும் கிடைத்துவிடுகின்றன. முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்வைத் தாங்கும் இரண்டு கால்கள், அதாவது முன் ஃபோர்க்தான் ஆளை நிறுத்திவைக்கிறது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பெயர்களில் குழப்பம் வராமலிருக்க ஒன்று சொல்லிவிடுகிறேன். குரோம் பூசிய மேல் பகுதியைக் ‘குழாய்’ என்கிறேன். சக்கர அச்சைப் பிடித்திருக்கும் அலுமினியப் பகுதி ‘கீழ்க்கால்’. இரண்டு கால்களையும் வண்டியோடு சேர்த்துப் பிடிப்பவை மேல் கிளாம்பும் கீழ் கிளாம்பும்.

ஃபோர்க்கில் எண்ணெய் ஒழுகுகிறது. முழுவதையும் மாற்ற வேண்டுமா?

அநேகமாக வேண்டாம். முதலில் எங்கிருந்து ஒழுகுகிறது என்று பாருங்கள். கீழ்க்காலின் அடியிலிருந்து சொட்டினால், அடியிலுள்ள ஆலன் போல்ட்டின் செப்பு வாஷரோ, எண்ணெய் வடிக்கும் திருகின் வாஷரோ போயிருக்கிறது. சில்லறைச் செலவு. குழாயைச் சுற்றி எண்ணெய் வளையம் தெரிந்தால், எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையமான ஆயில் சீல் பக்கம் போக வேண்டும்.

அப்போதும் உடனே சீலை மாற்றிவிடாதீர்கள். தூசி மூடியை மேலே தள்ளி, குழாயைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, விரல் நகத்தை மேலிருந்து கீழாகவும் சுற்றிலும் ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அது துருப்பள்ளம். பள்ளத்தின் விளிம்பு ஒவ்வொரு குலுக்கலிலும் சீலின் உதட்டைக் கிழிக்கும். அந்தக் குழாயில் எத்தனை புதுச் சீல் போட்டாலும் சில வாரங்களில் மறுபடி ஒழுகும். நகம் தட்டவில்லை, சீலும் ஓரளவு புதியது என்றால், உதட்டின் அடியில் மணல் துகள் சிக்கியிருக்கக்கூடும். பழைய புகைப்படச் சுருளின் ஒரு துண்டை உள்ளே நுழைத்துச் சுற்றி எடுத்தாலே சில நேரம் கசிவு நின்றுவிடும்.

ஒரே பக்கத்துச் சீல் மட்டும் திரும்பத் திரும்பப் போகிறதென்றால் குழாய் வளைந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

வண்டியின் பெயரையும் ஆண்டையும் சொன்னால் கடைக்காரர் சரியான பாகத்தைக் கொடுத்துவிட மாட்டாரா?

கொடுப்பார். அது உங்கள் வண்டிக்குப் பொருந்தாமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு.

ஐம்பது ஆண்டு ஓடிய வண்டியில் முன்பக்கம்தான் முதலில் அடி வாங்கியிருக்கும். பள்ளத்தில் விழுந்தது, மாட்டின்மேல் மோதியது, வேலியில் இடித்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். பண்ணைகளில் ஓடிய வண்டியென்றால் கையில் கிடைத்த ஃபோர்க்கை மாட்டி வேலையை முடித்திருப்பார்கள். டேங்கில் 1975 மாடல் என்று ஒட்டியிருக்கும். ஃபோர்க் 1979இலிருந்து வந்திருக்கும். சக்கரம் வேறு ஏதோ வண்டியுடையதாக இருக்கும். அதோடு அதே பெயரில் அதே நிறுவனம் ஆண்டுக்கு ஆண்டு ஃபோர்க்கை மாற்றியதும் உண்டு. அச்சு கீழ்க்காலின் நேர் கீழே இருந்தது முன்னால் நகர்ந்தது, குழாய் ஒரு மில்லிமீட்டர் தடித்தது, பயண நீளம் கூடியது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

தென்னாப்பிரிக்காவில் விற்ற வண்டிகளும் அமெரிக்காவில் விற்ற வண்டிகளும் எல்லா வகையிலும் ஒன்றல்ல. இணையத்தில் கிடைக்கும் பாகப் பட்டியல்களில் பாதி அமெரிக்கச் சந்தைக்கானவை. அதனால் முதலில் வண்டியின் சட்டகத்தில் (ஃபிரேமில்) பொறித்த எண்ணின் முன்னெழுத்துகளைக் குறித்துக்கொண்டு, அது எந்த மாடல் என்று உறுதிசெய்யுங்கள். அதன்பின் அதை மறந்துவிட்டு, வண்டியில் உண்மையில் மாட்டியிருக்கும் ஃபோர்க்கை அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பாக எண்ணை வைத்துத் தேடலாம். ஒத்துப்போகவில்லையென்றால் அளவை மட்டும் நம்பித் தேடுவதே வழி.

எதையெல்லாம் அளப்பது?

குழாயின் விட்டம்தான் தலையாயது. தேய்மானம் இல்லாத இடத்தில், அதாவது கிளாம்புக்குள் மறைந்திருந்த பகுதியில், மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். வெர்னியரும் போதும், கை நடுங்காமல் பிடித்தால். 36 மி.மீ. என்று பட்டியலில் இருக்கும் குழாய் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் குறைவாகவே காட்டும், அது இயல்பு. யமஹா எக்ஸ்.டி. 500இல் 36 மி.மீ. குழாய். சின்ன வண்டிகளில் அதைவிட மெலிது. 34, 35, 36 மூன்றும் கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் கிளாம்பும் சீலும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக்கூட மன்னிக்காது.

அடுத்தது குழாயின் முழு நீளம், முனைக்கு முனை. அதே விட்டத்தில் சாலை வண்டிக்கான குட்டைக் குழாயும் டிரெயில் வண்டிக்கான நெட்டைக் குழாயும் விற்பனையில் இருப்பதால், இதை அளக்காமல் வாங்கியவர்கள் கையில் பயனற்ற இரும்பு சேர்ந்திருக்கிறது. மேல்முனை மூடி திருகுவதா, வளையம் போட்டு நிறுத்துவதா என்று பாருங்கள். திருகுவதென்றால் புரியின் விட்டத்தையும் இடைவெளியையும் குறியுங்கள். குழாயின் அடிமுனையைப் படம் எடுத்து வையுங்கள். எண்ணெய்த் துளைகள் எங்கே இருக்கின்றன, டாம்பர் ராடு (எண்ணெயைக் கொண்டு துள்ளலை அடக்கும் உள்தண்டு) உட்காரும் இடம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் விற்பவருக்கு அந்தப் படத்தில் தெரியும்.

சீலுக்கு மூன்று எண்கள்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். 33×46×11, 35×48×11, 36×48×11, 37×50×11 ஆகியவை பரவலாகக் கிடைக்கும் அளவுகள். பழைய சீலைக் கழற்றினால் பெரும்பாலும் அதன் முகத்திலேயே அளவு அச்சிட்டிருக்கும். சீல் எந்த வண்டிக்கானது என்று பார்க்க வேண்டாம். அளவும் வகையும் ஒத்தால் சாலை வண்டியின் ஃபோர்க் சீல் உங்கள் டிரெயில் வண்டிக்கும் பொருந்தும்.

கீழ்க்கால் அல்லது முழு ஃபோர்க் வாங்குவதாக இருந்தால் இன்னும் சில அளவுகள் வேண்டும். அச்சின் விட்டம், இரண்டு கால்களின் மையத்துக்கு மையம் தூரம், டிரம் பிரேக் தட்டைத் தடுத்து நிறுத்தும் காது எந்தக் காலில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. இந்தக் காது இல்லாத காலை வாங்கி மாட்டி, பிரேக் பிடித்தவுடன் தட்டு சுழன்று சக்கரம் பூட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

பாக எண்ணில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா?

நன்றாகவே இருக்கிறது. தெரிந்துகொண்டால் பாதித் தேடல் குறையும்.

ஹோண்டாவில் முதல் ஐந்து இலக்கம் பாகம் என்ன என்று சொல்லும். நடுவிலுள்ள மூன்று இடம் எந்த மாடலுக்காக முதலில் வடிவமைத்தது என்று சொல்லும். 51410 என்று தொடங்கினால் ஃபோர்க் குழாய். 91255 என்று தொடங்கினால் ஃபோர்க் சீல். யமஹாவில் மாடல் குறி முன்னால் வரும், பாகத்தின் ஐந்து இலக்கம் நடுவில் வரும்: 23110 குழாய், 23145 சீல். சுசுகியில் 51110 குழாய், 51153 சீல். கவாசாகியில் 44013 குழாய், 92049 சீல். ஆனால் அங்கே பின்பகுதி வரிசை எண்தான், அதிலிருந்து மாடலைக் கண்டுபிடிக்க முடியாது.

இதனால் என்ன பயன்? ஹோண்டா எக்ஸ்.எல். வண்டிக்கான சீலின் நடு இடத்தில் வேறு ஏதோ வண்டியின் குறி இருந்தால், அந்தப் பாகம் பல வண்டிகளுக்குப் பொது என்று பொருள். உங்கள் வண்டியின் பெயரில் ‘கையிருப்பு இல்லை’ என்று வந்தது, இன்னொரு வண்டியின் பெயரில் சாதாரண விலைக்குக் கிடைக்கும். பழைய எண்ணை நிறுவனம் புதிய எண்ணாக மாற்றியிருப்பதும் உண்டு. கடையின் பாகப் பிரிவில் பழைய எண்ணைக் கொடுத்தால் கணினி புதியதைக் காட்டும். ஆகவே ‘இல்லை’ என்ற பதில் வந்ததும் திரும்பிவிடாமல் ‘மாற்று எண் இருக்கிறதா, பாருங்கள் அண்ணா’ என்று ஒருமுறை கேளுங்கள். நாலு பேர் நிற்கும் வரிசையில் அவருக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். பரவாயில்லை.

தென்னாப்பிரிக்காவிலேயே கிடைக்குமா, எங்கே தேடுவது?

சீல், தூசி மூடி, பேரிங், எண்ணெய் ஆகியவற்றுக்கு நாட்டை விட்டு வெளியே தேட வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிள் பாகக் கடைகளில் அளவைச் சொன்னால் கிடைக்கும்.

குழாயும் கீழ்க்காலும் வேறு கதை. இவற்றுக்கு நகரத்தைவிட உள்நாடு நல்லது. ஹாவிக், மூய் ரிவர், அண்டர்பெர்க் பக்கத்துப் பண்ணைகளில் இந்த வண்டிகளை ஆடுமாடு மேய்க்கவும் வேலி பார்க்கவும் வாங்கினார்கள். ஓட்டம் நின்றதும் கொட்டகை மூலையில் சாய்த்துவிட்டார்கள். அங்கே கடல் காற்று இல்லை. குழாயில் துரு குறைவு. பண்ணை ஏலங்களில் ஓடாத வண்டியை முழுதாக வாங்கினால், தனித்தனியாகப் பாகம் வாங்குவதைவிட மலிவாக முடிவது அடிக்கடி நடக்கிறது. எஞ்சின் போன வண்டியைத் தேடுங்கள். எஞ்சின் போனதால் நிறுத்திய வண்டியின் ஃபோர்க் நன்றாக இருக்கும். மோதி நின்ற வண்டியின் எஞ்சின் நன்றாக இருக்கும். விற்பவர் விளம்பரத்தில் ‘எஞ்சின் நல்ல நிலை’ என்று அழுத்திச் சொன்னால் முன்சக்கரத்தை உற்றுப் பாருங்கள்.

உடைத்து விற்கும் கடைகளில் வாங்கும்போது ரசீது கேளுங்கள். 2009ஆம் ஆண்டின் பழைய பொருள் சட்டப்படி அவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும், விற்பனையைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். அடையாள அட்டை கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்காத கடைதான் சந்தேகத்துக்குரியது.

நம்மவர்கள் மறக்கும் ஒரு வழி: வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பது. எழுபதுகளில் வண்டி ஓட்டிய மாமாக்களில் பலருக்கு, அந்தக் காலத்துப் பட்டறைக்காரர் யார், அவருடைய பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியும். பட்டறை மூடிய பிறகும் அலமாரியிலுள்ள சரக்கு எங்கும் போவதில்லை. காவடித் திருவிழாக் கூட்டத்தில் பந்தியில் உட்கார்ந்து விசாரித்துக் கீழ்க்கால் கண்டுபிடித்தவரை எனக்குத் தெரியும்.

எங்கள் வண்டி டர்பனில்தான் இருந்தது. கொட்டகைக்குள் மூடி வைத்தும் குழாய் துருப்பிடித்துவிட்டதே?

மூடி வைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். குரோம் பூச்சு கண்ணாடிபோல் வழவழப்பாகத் தெரிந்தாலும் அதில் நுண்ணிய விரிசல்கள் உண்டு. உப்பு கலந்த ஈரம் அவற்றின் வழியாக உள்ளே போய் அடியிலுள்ள எஃகைத் தொடும். துரு அடியில் விரிந்து குரோமை மேலே தள்ளி உடைக்கும். தார்ப்பாய் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். டிரெயில் வண்டிகளில் வரும் ரப்பர் துருத்தி உறையும் அப்படித்தான். ஓடும்போது மண்ணையும் கல்லையும் தடுக்கும். நிற்கும்போது உள்ளே புகுந்த நீரைக் குழாயோடு ஒட்டி வைக்கும். ஆனாலும் கரும்புத் தோட்டத்துப் புழுதியில் ஓட்டுகிறவர் உறையைக் கழற்றக் கூடாது. அடியிலுள்ள மூச்சுத் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொண்டு, மாதம் ஒருமுறை உறையைத் தூக்கித் துடைத்து, குழாயில் லேசாக எண்ணெய் தடவினால் போதும்.

துரு எங்கே இருக்கிறது என்பது அது எவ்வளவு இருக்கிறது என்பதைவிட முக்கியம். சீல் ஏறி இறங்கும் பகுதியில்தான் பள்ளம் இருக்கக் கூடாது. கிளாம்புகளுக்கு இடையிலும் அதற்குச் சற்றுக் கீழேயும் உள்ள துரு அழகைக் கெடுக்கும், வேலையைக் கெடுக்காது. வண்டியை அழுத்தும்போது சீல் எவ்வளவு உயரம் வருகிறது என்று குழாயில் ஒரு பிளாஸ்டிக் கட்டு போட்டுப் பாருங்கள். கல் நிறைந்த பாதையில் ஒரு சுற்று போய் வந்தால் அது தள்ளப்பட்டு நிற்கும் இடம்தான் எல்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு அழுத்தினால் முழு எல்லையும் தெரியும்.

எல்லைக்குள் ஓரிரு ஊசிமுனைப் பள்ளங்கள் மட்டும் இருந்தால், துருவைச் சுரண்டி எடுத்து, அசிட்டோனால் துடைத்து, இரு கலவை எப்பாக்சியால் நிரப்பி, காய்ந்தபின் நுண் எண்ணெய்க் கல்லால் சமன்செய்யலாம். நல்ல குழாய் கிடைக்கும்வரை தாங்கும். பள்ளங்கள் கூட்டமாக இருந்தால் அந்தச் சிரமம் வீண்.

வளைந்த குழாயை நிமிர்த்தலாமா?

லேசான வளைவை நிமிர்த்தலாம், நிமிர்த்துகிறார்கள். குழாயைக் கழற்றித் தடித்த கண்ணாடிப் பலகையில் உருட்டினால் வளைவு கண்ணுக்குத் தெரியும். சரியாக அளக்க இரண்டு வி-கட்டைகளில் வைத்து, நடுவில் டயல் கேஜ் வைத்துச் சுழற்ற வேண்டும். கேஜ் காட்டும் மொத்த அசைவில் பாதிதான் உண்மையான வளைவு. பல ஹோண்டா கையேடுகளில் எல்லை 0.2 மி.மீ.

பிரஸ்ஸில் நிமிர்த்துபவர் அனுபவமுள்ளவராக இருக்க வேண்டும். சூடு காட்டுகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். எஃகின் பதம் போய்விடும், குரோமும் போய்விடும். வளைவு கீழ் கிளாம்புக்குச் சற்றுக் கீழே, கூர்மையாக மடிந்தாற்போல இருந்தாலோ, உட்புறம் சுருக்கம் தெரிந்தாலோ அந்தக் குழாய் பழைய இரும்புக்குத்தான். ஒருமுறை மடிந்த இடம் அடுத்த பள்ளத்தில் மறுபடி அதே இடத்தில் மடியும்.

ஒன்று கவனியுங்கள்: பல நேரங்களில் வளைந்திருப்பது குழாய் அல்ல, கீழ் கிளாம்பு. அல்லது விழுந்த வேகத்தில் குழாய்கள் கிளாம்புக்குள் முறுக்கிக்கொண்டிருக்கும். கிளாம்பு போல்ட்டுகளையும் அச்சையும் தளர்த்தி, வண்டியை நாலு முறை அழுத்தி விட்டு, மறுபடி இறுக்கிப் பார்த்தபின் முடிவுக்கு வாருங்கள்.

மறுபடி குரோம் போடுவதா, புதிய குழாய் வாங்குவதா?

புதிய குழாய் கிடைக்கும் மாடல் என்றால் புதியதே. எக்ஸ்.டி. 500 போன்ற புகழ்பெற்ற வண்டிகளுக்கு ஐரோப்பாவில் புதிய குழாய்களைத் தயாரிக்கிறார்கள், இத்தாலியில் டி.என்.கே., டரோட்சி போன்ற நிறுவனங்கள் பழைய வண்டிகளுக்கான குழாய்களைச் செய்கின்றன. அமெரிக்காவில் ‘ஃபோர்க்கிங் பை ஃபிராங்க்’ அளவு கொடுத்தால் குழாய் செய்து தருவார்கள். 1976இல் விற்பனைக்கு வந்து, 1979இலும் 1980இலும் பாரிஸ்–டக்கார் பந்தயத்தை வென்ற வண்டி என்பதால் எக்ஸ்.டி. 500க்கு இவ்வளவு கவனிப்பு. பண்ணையில் உழைத்த டி.எஸ். 185க்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. அதன் சொந்தக்காரருக்கு மறு குரோம்தான் பெரும்பாலும் வழி.

இங்கே வேண்டியது கடின குரோம். கார் பம்பருக்குப் போடும் பளபளப்புக் குரோம் வேறு. அது நிக்கலின்மேல் பூசும் மெல்லிய பூச்சு, சீலின் உரசலைத் தாங்காது. கடின குரோமை ஹைட்ராலிக் தண்டுகளைச் செப்பனிடும் பட்டறைகளில் தேடுங்கள். ஜேக்கப்ஸ், மொபெனி, பைன்டவுன் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் விசாரிக்கலாம். ஆலைகளும் துறைமுகமும் இருக்கும் ஊரில் இந்த வேலைக்கு எப்போதும் தேவை இருக்கும்.

வேலை நடக்கும் விதம் இது. பழைய குரோமை உரிப்பார்கள். துருப்பள்ளம் மறையும்வரை எஃகைக் கிரைண்டிங் செய்து குறைப்பார்கள். இழந்த தடிமனையும் அதற்கு மேல் கொஞ்சமும் குரோமாகப் படியவைப்பார்கள். கடைசியாகச் சரியான விட்டத்துக்குக் கிரைண்டிங் செய்து மெருகேற்றுவார்கள். படியவைக்கும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை உடையும் தன்மையுள்ளதாக ஆக்கக்கூடும். அதை வெளியேற்ற, பூசியபின் சுமார் 200 பாகை செல்சியசில் சில மணி நேரம் சூளையில் வைக்க வேண்டும். பட்டறையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: ‘சூளையில் வைப்பீர்களா? இறுதி விட்டம் எவ்வளவு தருவீர்கள்?’ இரண்டுக்கும் தயங்காமல் பதில் வந்தால் கொடுங்கள். வளைந்த குழாயை முதலில் நிமிர்த்திவிட்டே கொடுக்க வேண்டும். குரோம் போட்டபின் நிமிர்த்தினால் பூச்சு வெடிக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் எவ்வளவு கூடும்?

தென்னாப்பிரிக்காவில் மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காடு. இறக்குமதிப் பொருளில் அதைக் கணக்கிடும் விதம் பலருக்குத் தெரியாது. பொருளின் சுங்க மதிப்பில் முதலில் 10 விழுக்காட்டைக் கூட்டுவார்கள், சுங்கத் தீர்வை இருந்தால் அதையும் சேர்ப்பார்கள், அந்த மொத்தத்தின்மேல்தான் 15 விழுக்காடு. தீர்வை இல்லை என்று வைத்துக்கொண்டால், 3,000 ராண்ட் குழாய்க்கு 3,300 ராண்டின்மேல் வரி, அதாவது 495 ராண்ட். கூரியர் நிறுவனத்தின் சுங்கப் பணிக் கட்டணம் இதற்கு மேல் தனி. மோட்டார் சைக்கிள் பாகங்களின் சுங்கக் குறியீடு 8714.10, விலைப்பட்டியலில் விற்பவர் அதைத் தெளிவாக எழுதினால் தாமதம் குறையும்.

சேமிக்க நினைத்து அஞ்சலில் அனுப்பச் சொல்லாதீர்கள். கண்காணிப்பு எண்ணோடு கூரியர் நல்லது. சில நண்பர்கள் சேர்ந்து ஒரே பொதியாக வரவழைத்தால் கட்டணம் பங்காகும். குழாயைப் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்க்குள் வைத்து இரு முனையும் மூடி அனுப்பும்படி விற்பவரிடம் கேளுங்கள். வெறும் அட்டைப்பெட்டியில் வரும் குழாயின் புரி நசுங்கித்தான் வந்து சேரும்.

நெதர்லாந்தின் சி.எம்.எஸ்.என்.எல். போன்ற கடைகள் ஜப்பானிய வண்டிகளின் பழைய கையிருப்பைப் பாக எண் வாரியாக விற்கின்றன. படத்தோடு கூடிய பட்டியலும் இருக்கிறது. வாங்காவிட்டாலும் எண்ணைச் சரிபார்க்க உதவும்.

நாற்பது வருடப் பழைய அசல் சீல், உறை பிரிக்காமல் கிடைத்திருக்கிறது. போடலாமா?

வேண்டாம். உலோகம் காத்திருக்கும், ரப்பர் காத்திருக்காது. பழைய கையிருப்பில் குழாய், டாம்பர் ராடு, மூடி வாங்குங்கள்; சீல், ஓ-ரிங், தூசி மூடி ஆகியவற்றை இந்த ஆண்டுச் சரக்காக வாங்குங்கள்.

பேரிங் கடையில் அதே அளவில் மலிவாகச் சீல் தருகிறார்களே?

அது பெரும்பாலும் சுழலும் தண்டுக்கானது. ஃபோர்க்கில் குழாய் சுழல்வதில்லை, மேலும் கீழும் ஓடுகிறது. உதட்டின் வடிவமும் அழுத்தமும் அதற்கேற்ப இருக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக ஓட்டும் வண்டியில் கொஞ்ச காலம் தாங்கும். மலைப்பாதைக்கு ஆகாது. நல்ல ஃபோர்க் சீல் ஜோடியின் விலை ஒன்றும் வீட்டை விற்க வைக்காது.

கீழ்க்காலுக்குள் குழாய் ஆடுகிறது. புஷ் எங்கே கிடைக்கும்?

முதலில் உங்கள் ஃபோர்க்கில் புஷ், அதாவது குழாய் உரசி ஓடுவதற்கென உள்ளே போட்ட தனி உலோக வளையம், இருக்கிறதா என்று பாருங்கள். எழுபதுகளின் பல ஃபோர்க்குகளில் தனிப் புஷ் கிடையாது. எஃகுக் குழாய் நேரே அலுமினியக் கீழ்க்காலுக்குள் ஓடும். அலுமினியம் தேய்ந்தால் மாற்ற வேண்டியது முழுக் கீழ்க்கால். அது கிடைக்காதபோது லேத் பட்டறையில் கீழ்க்காலைத் துளைத்து வெண்கலப் புஷ் அடிக்கலாம். சீல் உட்காரும் இடத்தைத் தொடாமல், அதோடு ஒரே மையத்தில் துளைக்க வேண்டும். இந்த வேலைக்கு நிதானமான கை வேண்டும். ‘நாளைக்கே தருகிறேன்’ என்பவர் வேண்டாம்.

ஆட்டம் ஃபோர்க்கில்தானா என்பதையும் உறுதிசெய்யுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கீழ்க்கால்களை முன்னும் பின்னும் அசைத்து, ஒரு விரலைக் கழுத்துப் பேரிங் (கைப்பிடியோடு ஃபோர்க் திரும்பும் இடத்துப் பேரிங்) அருகே வையுங்கள். அங்கே தட்டினால் ஃபோர்க் குற்றவாளியல்ல. தனித்தனிக் குண்டுகள் போட்ட பழைய கழுத்துப் பேரிங்குக்குப் பதில் கூம்பு உருளைப் பேரிங் ஜோடி பல வண்டிகளுக்குக் கிடைக்கிறது, மாற்றிவிடுவது நல்லது.

வேறு வண்டியின் ஃபோர்க்கை முழுதாக மாட்டிவிட்டால் என்ன?

செய்யலாம். எளிதான வழி என்று நினைத்துச் செய்ய வேண்டாம்.

அதே குழாய் விட்டமுள்ள உறவு வண்டியென்றால் உங்கள் கிளாம்புகளிலேயே புதிய கால்களைச் செருகலாம். அப்போது சக்கரம், அச்சு, பிரேக் தட்டு, வேகமானிக் கம்பி எல்லாம் அந்த வண்டியிலிருந்தே வந்தால் சிக்கல் குறையும். விட்டம் வேறென்றால் கிளாம்புகளும் சேர்ந்து வர வேண்டும். அப்போது கழுத்துத் தண்டின் நீளம், பேரிங் உட்காரும் விட்டம் இரண்டும் பொருந்தாமல் போகலாம். பழைய தண்டைப் பிரஸ்ஸில் எடுத்துப் புதிய கிளாம்பில் இறக்குவது அனுபவப்பட்ட பட்டறை வேலை. ஃபோர்க்கின் நீளம் கூடினால் கழுத்துக் கோணம் படுத்துவிடும், வண்டி திரும்ப மறுக்கும். அச்சு முன்னால் தள்ளிய கால்களை, நேர் கீழே அச்சு உள்ள கால்களுக்காகச் செய்த கிளாம்பில் போட்டால் ஓட்டும் தன்மையே மாறிவிடும்.

ஹோண்டா எக்ஸ்.எல். 250 எஸ், எக்ஸ்.எல். 500 எஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இதில் ஒரு ஆசை நியாயமானது. அவற்றின் முன்சக்கரம் 23 அங்குலம். அந்த அளவுக்கு டயர் தேடி அலைவதைவிட 21 அங்குலச் சக்கரத்துக்கு மாறுவது நிம்மதி. அதற்கும் ஃபோர்க்கை மாற்ற வேண்டியதில்லை. அதே ஹப்பில் 21 அங்குல ரிம் கட்டிக்கொள்ளலாம். வேகமானி மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லும்.

அடியிலுள்ள ஆலன் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கழலவில்லை.

உள்ளே டாம்பர் ராடும் சேர்ந்து சுழல்கிறது. மேல் மூடியைக் கழற்றுவதற்கு முன்பே, ஸ்பிரிங்கின் அழுத்தம் ராடைப் பிடித்திருக்கும்போதே, போல்ட்டைத் தளர்த்திவிடுங்கள். காற்றழுத்த இம்பாக்ட் துப்பாக்கி இருந்தால் ஒரே நொடியில் வரும். ஏற்கெனவே பிரித்துவிட்டீர்களென்றால் துடைப்பக் கட்டையின் முனையைக் கூர்மையாகச் சீவி மேலிருந்து இறக்கி, ராடின் தலையில் அழுத்திப் பிடியுங்கள். இன்னொருவர் கீழே திருகட்டும். மாட்டும்போது புதிய செப்பு வாஷரும், புரியில் ஒரு சொட்டுப் புரிப்பசையும் போடுங்கள்.

என்ன எண்ணெய், எவ்வளவு?

அளவைக் கையேட்டில் பாருங்கள். பல பழைய கையேடுகள் 10 டபிள்யூ அல்லது 15 டபிள்யூ எண்ணெயைச் சொல்லும். சில தானியங்கி கியர்பெட்டி எண்ணெயையே சொல்லும். ஒரு நிறுவனத்தின் 10 டபிள்யூ இன்னொன்றின் 10 டபிள்யூவுக்குச் சமமாக இருப்பதில்லை. டப்பாவின் பின்னால் 40 பாகையில் எண்ணெய் எவ்வளவு கெட்டியானது என்று காட்டும் சென்டிஸ்டோக் அளவு போட்டிருக்கும். பிராண்டு மாற்றும்போது அதை ஒப்பிடுங்கள். மில்லிலிட்டரைவிட மட்டம் முக்கியம். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுதாக அழுத்தி, குழாயின் மேல்விளிம்பிலிருந்து எண்ணெய்வரை இரண்டு காலிலும் ஒரே தூரம் வர வேண்டும்.

ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. மேலே குழாய்த் துண்டு வைத்து அழுத்திவிடலாமா?

வைக்கலாம். வண்டி நிற்கும் உயரம் கூடும். ஸ்பிரிங்கின் கடினம் அதிகரிக்காது. கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச நீளத்தைவிட ஸ்பிரிங் குட்டையாகிவிட்டால் மாற்றுவதே முறை. துண்டு வைத்தால் இரண்டு பக்கமும் சம நீளத்தில், முனைகளில் எஃகு வாஷரோடு வையுங்கள். ஸ்பிரிங் முழுதாகச் சுருங்கி இடிக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

ரோட்வொர்தி சான்றிதழுக்கு இதெல்லாம் பார்ப்பார்களா?

வண்டி கை மாறும்போது, அது சாலையில் ஓடத் தகுதியானது என்று காட்டும் அந்தச் சான்றிதழ் வேண்டும். எண்ணெய் ஒழுகும் ஃபோர்க்கோடும் ஆடும் கழுத்தோடும் போனால் திருப்பி அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தே போங்கள். சட்டக எண்ணும் எஞ்சின் எண்ணும்தான் பதிவில் இருப்பவை. ஃபோர்க் மாற்றியதால் பதிவு மாறாது.

வேலை முடிந்ததும் சானி கணவாய்க்குப் போகலாமா?

போகலாம், உடனே வேண்டாம். உச்சி 2,876 மீட்டர், மேலே லெசோத்தோ எல்லை, பாஸ்போர்ட் வேண்டும். பாதை ஃபோர்க்கைக் கருணையில்லாமல் அடிக்கும். முதலில் வீட்டருகே சில வாரம் ஓட்டி, கிளாம்பு போல்ட்டுகளையும் அச்சு நட்டையும் மறுபடி இறுக்கி, சீலைச் சுற்றி எண்ணெய் வளையம் வருகிறதா என்று பாருங்கள்.

புதிய பாகங்கள் போட்டாயிற்று. பழையவற்றைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கூடவே கூடாது. வளைந்த குழாயை மட்டும் பழைய இரும்புக்குக் கொடுங்கள். டாம்பர் ராடு, மேல் மூடி, அடி போல்ட், எண்ணெய்த் தடுப்புக் கிண்ணம், கிளாம்பு போல்ட், துருத்தி உறையின் வளையம் எல்லாவற்றையும் எண்ணெய் தடவி, பையில் போட்டு, எந்த வண்டி, என்ன அளவு என்று சீட்டு எழுதி வையுங்கள். இந்தச் சின்னச் சாமான்கள்தான் எந்தப் பட்டியலிலும் கிடைப்பதில்லை. வேண்டாமென்றால் உங்கள் ஊரில் அதே வண்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பதிலுக்கு அவரிடம் கார்புரேட்டர் மூடியோ கிக்கர் தண்டோ இருக்கிறதா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.